ராஜுலா போன வழியில்

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய ராஜுலா கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த வழியில்தான் போய்வந்தது. இதன் பின்பாதி இன்றைக்கு நம் பிள்ளைகளின் விடுமுறைப் பாதை. சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறி நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர் போய் இறங்குகிறார்கள். மரீனா பே முனையத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, கிள்ளானையும் பினாங்கையும் பார்த்துவிட்டு, சில இரவுகள் கழித்து ஏறிய இடத்திலேயே திரும்ப இறங்குகிறார்கள். போன ஆண்டு என் அண்ணன் மகளும் அவளுடைய தோழிகளும் இப்படிப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டார்கள். அவளுக்கு 27 வயது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை.

ராஜுலாவின் கொள்ளளவு 8,478 டன். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' 2,48,663 டன். அறைக்கு இருவர் என்று வைத்தால் அதில் 5,610 பேர். தலைக்கணக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கப்பல் மட்டும் 29 மடங்கு பெருத்துவிட்டது. பெருத்த இடமெல்லாம் நீச்சல் குளமாகவும் சறுக்கு விளையாட்டாகவும் நாடக அரங்காகவும் பால்கனி வைத்த அறைகளாகவும் ஆகியிருக்கிறது. ராஜுலாவில் ஒருவருக்குக் கிடைத்தது ஒரு பாய் விரிக்கிற இடம்.

என் அப்பா அந்தப் பாயில் போனவர். 1951-இல், பதினெட்டு வயதில், நாகப்பட்டினத்தில் ஏறினார். நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில்தான் போய் ஏறவேண்டும். புறப்படுவதற்கு முன்னால் நாகூர் ஆண்டவருக்கு வேண்டிக்கொள்வது எங்கள் தெருவில் இந்து வீடுகளிலும் வழக்கம். கடலில் போகிறவர்களை அவர் காப்பார் என்ற நம்பிக்கை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரில் தர்காக்கள் எழும் அளவுக்கு வலுவாக இருந்தது. அப்பா ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு முறுக்கு டின்னோடு ஏறினார். முன்னே ஏறுகிறவன் காற்று வருகிற இடமாகப் பார்த்துப் பாயைப் போட்டுவிடுவான். பின்னே வருகிறவனுக்கு எஞ்சின் சூடு அடிக்கிற ஓரம்தான் கிடைக்கும். மழை வந்தால் தார்ப்பாய் கட்டுவார்கள். குடிதண்ணீருக்கு வரிசை, குளிக்கக் கடல்நீர். பண்டாரி சமைத்த சோறும் பருப்பும் கருவாடும் தட்டில் வாங்கிக்கொண்டு, கப்பல் ஆட ஆட, பாய்க்குத் திரும்பிவர வேண்டும். அப்பாவுக்கு இரண்டு நாள் எதுவும் தங்கவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த திருவாரூர்க்காரர் ஒருவர் எலுமிச்சம்பழம் வெட்டிக் கொடுத்ததைச் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு முந்தைய தலைமுறைக்கு நிலைமை இன்னும் மோசம். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணிகள் அங்கேதான் கூட்டிவந்து அடைப்பார்கள். பினாங்கு போனதும் ஊருக்குள் விடமாட்டார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்துப் பார்த்த பிறகே அனுப்புவார்கள். சிங்கப்பூரில் அதே வேலைக்குச் செயின்ட் ஜான் தீவு. தோட்டங்களில் கூலி விழுந்த வேளையில், 1938-இல், இப்படி ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். இளைஞர்கள் கப்பல் ஏறுவது இந்தத் தலைமுறையில் தொடங்கிய புதுப் பழக்கம் என்று யாராவது எழுதும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

1973-இல் ராஜுலா ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். 'பாஸ்தர்' என்ற பெயரில் 1966-இல் பிரான்சிலிருந்து ஓடத் தொடங்கிய கப்பல் அது. ஜெட் விமானங்கள் வந்து, கடல் தாண்டுகிற வெள்ளைக்காரர்களெல்லாம் வானத்தில் போகத் தொடங்கியதும் அந்தக் கப்பலுக்கு வேலை இல்லாமல் போனது. 1972-இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கியது. அதே 1972-இல், அதே காரணத்தால் வேலை இழந்த 'எம்ப்ரஸ் ஆஃப் கனடா' என்ற இன்னொரு கப்பலை மயாமியில் வாங்கி, 'மார்டி கிரா' என்று பெயர் மாற்றி, உல்லாசப் பயணத்துக்கு விட்டார்கள். இன்று உலகத்திலேயே பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனமாக இருக்கிற கார்னிவல் அப்படித்தான் தொடங்கியது. விமானம் ஒதுக்கித் தள்ளிய இரண்டு கப்பல்களில் ஒன்று பணம் செலவழிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டது. மற்றது பணம் சம்பாதிக்கப் போகிற எங்களை ஏற்றிக்கொண்டது.

எங்களை என்று சொல்வது சும்மா இல்லை. 1982-இல் அம்மாவும் நானும் சிதம்பரத்தில் பினாங்கு போனோம். அப்பா பினாங்கு ஸ்ட்ரீட்டில் சிறிய துணிக்கடை வைத்திருந்தார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். கோடாலித் தைலம், மைலோ டின், கைலி, நைலக்ஸ் புடவை, டார்ச் லைட்டு என்று ஒரு பெட்டி. பிறகு திரும்பப் போய்விடுவார். அந்த முறை அவருக்கு உடம்பு சரியில்லாமல் வரமுடியவில்லை. நாங்கள் போனோம். எனக்கு இருபது வயது.

நாகையில் படகு அலையில் ஏறி இறங்க, மேலே கப்பலின் பக்கவாட்டு ஏணி ஒரே இடத்தில் நிற்காது. படகு மேலே எழும்புகிற நொடி பார்த்துக் காலை வைக்கவேண்டும். இரண்டு கலாசிகள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். எங்களுக்குப் பங்க் வகுப்பு. ஒரு பெரிய கூடத்தில் இரண்டடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டில் அம்மாவுக்கு, மேலே நான். எண்ணெய் வாசனை, வாந்தி வாசனை, யாரோ பிரித்த ஊறுகாய் வாசனை. பொழுது சாய்ந்தபின் மேல்தளத்துக்குப் போக அம்மா விடவில்லை. "வயசுப் பொண்ணு ராத்திரில அங்க என்ன வேலை?" என்றாள். மற்ற பெண்களும் அப்படியே கட்டிலிலேயே கிடந்தார்கள். கடல் நடுவில் போகிறோம் என்பதை நான் தெரிந்துகொண்டது பெரும்பாலும் எஞ்சின் சத்தத்தால்தான். பினாங்கு மலை தெரிகிறது என்று ஒரு காலையில் எல்லோரும் மேலே ஓடியபோதுதான் கடலை முழுசாகப் பார்த்தேன்.

1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பயணிகள் கப்பல் நின்றுபோனது. மறுபடி ஒன்று விட யாரும் அக்கறைப்படவில்லை. அதற்குப் பிறகு அப்பா விமானத்தில்தான் வந்தார். டிக்கெட்டுக்குக் கடன் வாங்கினார்.

இப்போது எல்லாம் தலைகீழ். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற பிள்ளைகள் விமானத்தில் போகிறார்கள், அதுதான் மலிவு. நல்ல சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் கப்பலில் போகிறார்கள். உலகக் கப்பல் சுற்றுலா நிறுவனங்களின் சங்கம் தரும் கணக்குப்படி 2023-இல் மூன்று கோடியே பதினேழு லட்சம் பேர் இப்படிப் பயணம் செய்தார்கள். கொரோனாவுக்கு முந்தைய 2019-ஐ அது தாண்டிவிட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். சூதாட்டம் பற்றிய எதிர்ப்பால் அந்த முறை புதுச்சேரி அதை நிற்க விடவில்லை. அடுத்த ஆண்டு அது இலங்கையின் காங்கேசன்துறை வரைக்கும் போய்வந்தது. கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்கவேண்டும் என்று ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் தனித் திட்டமே அறிவித்திருக்கிறது.

ஏன் கப்பல் என்று அண்ணன் மகளைக் கேட்டேன். அவள் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை. தோழிகள் ஒருத்தி பெங்களூரில், ஒருத்தி புனேயில், ஒருத்தி கோயம்புத்தூரில். எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற விடுப்பு ஒரு வெள்ளி, ஒரு திங்கள். அறை, சாப்பாடு, ஆட்டம் பாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகிறது. நான்கு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு வருவது குறைவு. ஓட்டல் தேடி, வண்டி பிடித்து, வழி கேட்டு அலைய வேண்டாம். தூங்கி எழுந்தால் இன்னோர் ஊர். கடைசியில் ஒன்று சொன்னாள்: "அத்தை, கோவாவுக்குப் போறோம்னா இவங்க வீட்ல யாரும் விடமாட்டாங்க. கப்பல்னா விடுறாங்க."

அதன் அர்த்தத்தைக் கப்பலில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். முதல் நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணி இரண்டு இருக்கும். மேல்தளத்துக்குப் போனேன். அந்த நான்கு பெண்களும் கம்பியில் சாய்ந்துகொண்டு, தலைமுடி காற்றில் பறக்க, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பெண் தனியாகச் சாய்வு நாற்காலியில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை, யாரும் பக்கத்தில் வரவில்லை. அண்ணன் மகள் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். மலாக்கா நீரிணையில் எண்ணெய்க் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இருபது வயதில் எனக்கு இது மறுக்கப்பட்டது. இந்தப் பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்காகவே இந்தக் கப்பல்கள் வாழட்டும் என்று அன்று இரவு மனசார நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். இளைஞர்கள் காசைக் கரியாக்குகிறார்கள், ரீல்ஸ் எடுக்கத்தான் போகிறார்கள் என்று சொல்கிற பெரியவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ரீல்ஸ் எடுத்தார்கள்தான். எடுத்து முடித்துவிட்டு, நான்கு ஊர்களில் நான்கு அறைகளில் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் விடிய விடிய ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். ஒருத்தி வேலையை விடப்போகிறேன் என்றாள். ஒருத்தி தனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

சூதாட்டக் கூடம் எனக்குப் பிடிக்கவில்லை. கரையை விட்டு நாட்டுச் சட்டம் எட்டாத தூரம் வந்த பிறகுதான் அதைத் திறக்கிறார்கள் என்பதே அது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. சாப்பாட்டு மேசைகளில் மீந்துபோகிற சோற்றையும் என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை பெரிய கப்பல் எரிக்கிற எண்ணெயும், கடலில் எதைக் கொட்டுகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான். எண்ணெய்க் கழிவை ரகசியமாகக் கடலில் விட்டதற்காக அமெரிக்காவில் நான்கு கோடி டாலர் அபராதம் கட்ட பிரின்சஸ் நிறுவனம் 2016-இல் ஒப்புக்கொண்டது. இத்தாலி அரசு 2021-இல் பெரிய கப்பல்களை வெனிஸ் நகரின் நடுக்கால்வாய்ப் பக்கம் வரவேண்டாம் என்று நிறுத்தியது. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசைக்கு வந்த பையன் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, குனிந்து தண்ணீர் ஊற்றியபடியே, "அம்மா, நீங்க எந்த ஊரு?" என்றான். சிவகங்கைப் பக்கம். வயது 25. கேட்டரிங் படித்தவன். கப்பல் வேலைக்கு சி.டி.சி. என்ற கடற்பணியாளர் சான்றிதழ் எடுக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும், அதற்கு மேல் ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டும். நிலத்தை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் ஒன்பது மாதம். இடையில் வாரத்துக்கு ஒருநாள் லீவு என்பதே கிடையாது. காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு. நடுவில் இரண்டு இரண்டு மணி நேர ஓய்வு. கடல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை வேலை நேரத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே ஒருநாளில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம். சட்டப்படியே அதுவரை வேலை வாங்கலாம்.

"தூங்குறது எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"கீழ, தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல. ரெண்டு பேருக்கு ஒரு ரூம்மா. மேல ஒரு கட்டில், கீழ ஒரு கட்டில். ஜன்னல் கெடையாது. நான் மேல."

நானும் மேல்கட்டிலில் படுத்துத்தான் இதே கடலைத் தாண்டினேன். என் அப்பா பாயில் படுத்துத் தாண்டினார். எங்கள் இடம் இன்னும் கப்பலில் இருக்கிறது. தளம் தளமாக மேலே எழும்பியிருக்கிற கப்பலின் அடியில், சிவகங்கையும் மணிலாவும் ஜாவாவும் அதில் படுத்திருக்கின்றன. பயணிகள் என்று எங்களைச் சொன்னார்கள். அவனைப் பணியாளன் என்கிறார்கள். அதே இருபது சொச்சம் வயது, அதே அடகு நிலம், தங்கை கல்யாணத்துக்கு அதே மாதாந்திரப் பணம். அவனுக்கும் என் அண்ணன் மகளுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். இளைஞர்களிடம் கப்பல் பயணம் பெருகிவருகிறது என்று சொல்லும்போது இந்த இளைஞர்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். அவர்கள் எண்ணிக்கையும்தான் பெருகிவருகிறது. ஐகான் கப்பலில் மட்டும் 2,350 பணியாளர்கள். மேலே நீச்சல் குளம் ஒன்று கூடினால் கீழே கட்டில்கள் கூடும்.

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நின்றது. படகு வேண்டாம், ஏணி வேண்டாம். தளத்திலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம். "நீ இறங்கலியா தம்பி?" என்று காலையில் கேட்டேன். சேர்ந்த இத்தனை மாதத்தில் ஒரே ஒருமுறை இறங்கினானாம். வாராவாரம் கப்பல் பினாங்கு வருகிற நேரத்தில் அவனுக்கு மதியச் சாப்பாட்டு வேலை. இறங்கிய அந்த ஒருமுறையும் ஊரைப் பார்க்கவில்லை. துறைமுக வாசலில் இலவச வைஃபை கிடைக்கிற ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவோடு வீடியோவில் பேசிவிட்டுத் திரும்பிவிட்டான். கப்பலில் நெட்டுக்குப் பணம் கட்டவேண்டும். "கோடாலித் தைலம் கெடைச்சா ஒண்ணு வாங்கிட்டு வாங்கம்மா, கால் ரொம்ப வலிக்குது" என்றான்.

பெண்கள் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்கள். சுவரில் இரண்டு குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிற ஓவியம் அங்கே இருக்கிறது. 2012-இல் ஒரு லித்துவேனிய ஓவியர் வரைந்தது. நிஜ சைக்கிளையே சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார். அதன் முன்னால் படம் எடுக்க வெயிலில் வரிசை. நான் அண்ணன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்காவைக் காட்டினேன். பிறகு பினாங்கு ஸ்ட்ரீட். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். கடைக்கு மேலே மாடியில் அவர் தங்கியிருந்த அறையின் மரச் சன்னல் அப்படியே இருந்தது. ஆறு பேர் அந்த ஓர் அறையில் இருந்தார்கள் என்று சொன்னேன். அவளுக்குத் தாத்தாவை ஊரில் சாய்வு நாற்காலியில் பார்த்த நினைவு மட்டும்தான். ராஜுலா என்ற பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லை. பாயில் படுத்துப் போனதைப் பெருமையாகச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வரவில்லை. நடந்துகொண்டே, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு தடவைகூடக் கைப்பேசியை எடுக்கவில்லை.

தைலம் இரண்டு புட்டியாக வாங்கினோம்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் நடந்துகொண்ட விதமே மாறியிருந்தது. அவனை நிறுத்தி, ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, சம்பளத்தில் என்னென்ன பிடிக்கிறார்கள், உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று கேட்டாள். அவன் அடுத்த மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். மேலாளர் கண்ணில் படக்கூடாதே என்ற பயம். கடைசி நாள் கணக்கில் எல்லோரிடமும் 'சேவைக் கட்டணம்' பிடித்திருந்தார்கள். அதில் அவனுக்கு எவ்வளவு போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. நால்வரும் சேர்ந்து ஓர் உறையில் தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இறங்கினோம். பகல் பன்னிரண்டுக்கு அடுத்த கூட்டம் ஏறும், அதற்குள் இருநூறு மேசைக்கு விரிப்பு மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடினான்.

திரும்பி வந்தபிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறப் போகிற பிள்ளைகள் கடந்து போகிற முனையத்தில், ராஜுலாவுக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு சுவர் வேண்டும். கப்பல்களின் படம், ஓடிய ஆண்டுகள், நின்ற துறைகள், டெக் பயணிகள் எத்தனை பேர், 1985 தீயில் இறந்தவர்களின் பெயர்கள். பழைய பயணச்சீட்டோ பாஸ்போர்ட்டோ வைத்திருக்கிற குடும்பங்கள் தந்தால் அவற்றையும் வைக்கலாம்; என் அப்பாவின் பாஸ்போர்ட்டை நான் கொடுக்கத் தயார். நாகப்பட்டினத்திலும் இதைச் செய்யவேண்டும். 2023 அக்டோபரில் அங்கிருந்து காங்கேசன்துறைக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். மழைக்காலத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சொந்தக்காரரைப் பார்க்கவும் சாமி கும்பிடவும் சரக்கு வாங்கவும் போகிறவர்கள் அதில் ஏறுகிறார்கள். அந்த முனையத்தில் காத்திருக்கிறவர்களுக்கும் இந்தக் கதை தெரியவேண்டும்.

தட்டச்சு செய்வது அண்ணன் மகள். நான் சொன்னதையெல்லாம் அடித்து முடித்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு கோரிக்கையை அவளே சேர்த்திருந்தாள். கரையில் இறங்க ஒருமணி நேரம் கிடைக்கிற கப்பல் பணியாளர்கள் வீட்டோடு பேசுவதற்கு, முனையத்துக்குள்ளேயே நாற்காலி போட்ட ஓர் அறையும் கட்டணமில்லாத வைஃபையும். அது என் பட்டியலில் இல்லாதது. அதை முதல் கோரிக்கையாக மேலே கொண்டுபோகச் சொன்னேன்.